எரிந்த கட்சியா, எரியாத கட்சியா?

(நல்லதண்ணியில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, தோட்டத்துப் பெரியவர்களே, கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அக்காமாரே, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு முன்வரிசையைப் பிடித்திருக்கும் தம்பி தங்கச்சிமாரே!

பேச்சைத் தொடங்குமுன் ஒரு கேள்வி. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

(கூட்டத்தில் பல குரல்கள்.)

நந்தினி என்கிறது ஒரு குரல். பெரிய பழுவேட்டரையர் என்கிறது இன்னொரு குரல். ரவிதாஸன் என்கிறார் அந்த ஐயா. பின்வரிசையில் ஒரு தம்பி 'மணிரத்னம்' என்கிறார். (சிரிப்பு.) பார்த்தீர்களா? ஒரே ஒரு கேள்வி. மண்டபம் நாலாகப் பிரிந்துவிட்டது. கல்கி 'பொன்னியின் செல்வன்' கதையைத் தம் வார இதழில் 1950 அக்டோபர் 29ஆம் திகதி தொடங்கினார், 1954 மே 16ஆம் திகதி முடித்தார். அதே வருடம் டிசம்பரில் அவரும் போய்விட்டார். எழுபது வருடம் தாண்டிவிட்டது. கரிகாலன் வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை!

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். பெரிய கதைகள் இருக்கின்றன. ஐந்து பாகம், ஏழு பாகம் என்று நீளும் கதைகள். அரசர்களும் வாள்களும் சுரங்கப் பாதைகளும் சதிகளும் நிறைந்த கதைகள். அவற்றைப் படித்து முடித்தவர்கள் சும்மா இருப்பதில்லை. இவன் யாருடைய பிள்ளை? அவளைக் காட்டிக் கொடுத்தது யார்? அவன் உண்மையிலேயே செத்தானா? ஆளுக்கொரு ஊகத்தைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'ஃபேன் தியரி' என்று சொல்வது இதைத்தான். அந்தச் சண்டையைப் போடலாமா என்று நான் கேட்க வரவில்லை. போட வேண்டும், நன்றாகப் போட வேண்டும். எப்படிப் போடுவது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன். ஏனென்றால் அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அது நம்மிடமே இருந்தது. அதை நாம் கைநழுவ விட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்கே இருந்தது அந்த ஒழுங்கு? நம்முடைய காமன் பொட்டலில் இருந்தது.

மாசி மாதம் வந்தால் காமன் ஊன்றாத தோட்டம் மலையகத்தில் எத்தனை இருந்திருக்கும்? அமாவாசை கழிந்து கம்பம் நட்டு, தப்புச் சத்தம் கேட்டால், லயத்தில் ஒரு பிள்ளை தூங்காது. ரதிக்கும் வேடம் கட்டுவது ஓர் ஆண்தான். ஆனால் மன்மதனைப் போகாதே என்று அவள் மறித்து நிற்கும்போது, அந்த வேடக்காரரைப் பகலில் மலையில் மட்டம் வெட்டப் பார்த்தவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தேவர்கள் ஓலை அனுப்புகிறார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் போ என்கிறார்கள். போகாதே, போனால் எரிந்துபோவாய் என்கிறாள் ரதி. மன்மதன் போகிறான், அம்பு விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது. பிறகு ரதியின் ஒப்பாரி. பிறகு வரம்: மன்மதன் உயிர்பெறுவான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான்.

இப்போது சொல்லுங்கள். மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா?

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தஞ்சாவூர்ப் பக்கத்தில், இந்தக் கேள்வியை வைத்தே விடிய விடியப் பாடினார்கள். லாவணி என்று அதற்குப் பெயர். மராட்டியர் ஆட்சியோடு தஞ்சைக்கு வந்து, தமிழாகவே மாறிப்போன பாட்டு. மேடையில் இரண்டு கட்சி உட்காரும். ஒன்று எரிந்த கட்சி. மற்றது எரியாத கட்சி. எரிந்த கட்சிக்காரர் டேப் வாத்தியத்தைத் தட்டிக் கேட்பார்: எரியவில்லை என்றால் ரதி எதற்கு அழுதாள்? சாம்பல் எங்கிருந்து வந்தது? எரியாத கட்சிக்காரர் திருப்பிக் கேட்பார்: எரிந்துபோனான் என்றால் உலகத்தில் இன்னும் கல்யாணம் நடக்கிறதே, பிள்ளை பிறக்கிறதே, அது யார் வேலை? செத்தவனை மனைவி எப்படிப் பார்த்தாள்? உடம்பு எரிந்தது என்பார் இவர். உடம்பு போனால் ஆளே போனதாகுமா என்பார் அவர். இப்படியே கோழி கூவும்வரை போகும்.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. எதிராளி பாடிவைத்த கேள்விக்கு விடை சொல்லாமல் உன் பாட்டை நீ தொடங்க முடியாது. தொடங்கினால் சபை விடாது. முதலில் அவன் போட்ட முடிச்சை அவிழ். பிறகு உன் முடிச்சைப் போடு. படிக்காதவர்கள் என்று நாம் நினைக்கிற மனிதர்கள் வைத்திருந்த சட்டம் இது. இன்று நாம் எப்படிப் பேசுகிறோம்? எதிராளி சொன்னதில் நோஞ்சானாக இருக்கும் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறோம். பலமான வார்த்தையைக் காதில் விழாத மாதிரி தாண்டிப் போகிறோம். நம் கருத்தை முன்னைவிடச் சத்தமாகச் சொல்கிறோம். விவாதம் முடிந்தது என்கிறோம். அன்புக்குரியவர்களே, அது லாவணியாகாது. அது ஏலம்.

சரி, இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு கடம்பூருக்குப் போவோம்.

சம்புவரையர் மாளிகை. நந்தினியின் அறை. உள்ளே கரிகாலனும் நந்தினியும். கரிகாலன் கையால் தலை இழந்த வீரபாண்டியனின் மீன் பொறித்த வாள் அவள் வசம் இருக்கிறது. யாழ்க் களஞ்சியத்துக்குள் வந்தியத்தேவன் ஒளிந்திருக்கிறான். அவனுக்காக உயிரையே கொடுக்கத் துணிந்த மணிமேகலை பக்கத்தில் இருக்கிறாள். இரகசிய வழியில் ரவிதாஸன் கூட்டம் காத்திருக்கிறது. காளாமுகர் கோலத்தில் பெரிய பழுவேட்டரையரும் வந்து சேர்கிறார். விளக்கு அணைகிறது. மறுபடி பார்க்கும்போது சோழநாட்டின் பட்டத்து இளவரசன் பிணமாகக் கிடக்கிறான். ஆயிரக்கணக்கான பக்கம் எழுதிய மனிதர் அந்த ஒரு கணத்தில் மட்டும் நம் கண்ணைக் கட்டிவிட்டார்!

அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சாதாரணத் துப்பறியும் கதையில் கொலை விழுந்தால் எல்லோரும் 'நான் இல்லை, நான் இல்லை' என்பார்கள். இங்கே என்ன நடக்கிறது? பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. உடனே மணிமேகலை, நான்தான் கொன்றேன் என்கிறாள். பெரிய பழுவேட்டரையர், என் கையிலிருந்த திருகு கத்திதான் அந்தக் காரியத்தைச் செய்தது என்று சபையறியச் சொல்கிறார். போட்டி போட்டுக்கொண்டு பழியை ஏற்கிறார்கள். இப்படி ஒரு வழக்கை எந்த நீதவான் விசாரிப்பது?

பழுவேட்டரையர் கட்சிக்காரர்களே, கொஞ்சம் கேளுங்கள். உங்கள் பெரிய ஆதாரம் என்ன? அவரே ஒப்புக்கொண்டார் என்பது. அப்படியானால் மணிமேகலையும்தானே ஒப்புக்கொண்டாள்? ஒருவருடைய வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு இன்னொருவருடையதைத் தள்ளுவது எந்த நியாயம்? அவள் வந்தியத்தேவனைக் காப்பாற்றப் பொய் சொன்னாள் என்பீர்கள். கிழவருக்கும் அந்தக் காரணம் இருக்கக்கூடாதா? மனைவி நந்தினியை நம்பி நாட்டையே பாழாக்கப் பார்த்தோம் என்று குமைந்துகொண்டிருக்கும் மனிதர். நிரபராதி ஒருவன் தலை போகப்போகிறது. அந்தத் தலைக்குப் பதிலாகத் தம் தலையை நீட்டுகிறார். அப்படியும் படிக்கலாமே? இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு உங்கள் பாட்டைத் தொடங்குங்கள்.

நந்தினி கட்சிக்கும் ஒரு கேள்வி. பழிவாங்கும் சபதம் அவளுடையது, வாள் அவளுடையது, அறை அவளுடையது, எல்லாம் சரி. கைக்கெட்டும் தூரத்தில் எதிரி நிற்கிறான். அந்த நேரம் பார்த்துக் கல்கி அவளை எதற்காக அவ்வளவு கலங்கவைத்தார்? கொல்லத் துணிந்தவளை எழுதுவது அவருக்குத் தெரியாதா?

மூன்றாவது கட்சி ஒன்று இருக்கிறது. கரிகாலன் தானே சாவைத் தேடிக்கொண்டான் என்கிற கட்சி. எனக்குக் கொஞ்சம் சாய்வு இந்தப் பக்கம் உண்டு, மறைக்கவில்லை. கதை முழுக்க அவன் தூங்காத மனிதனாக வருகிறான். வெட்டிய தலை அவன் கண்முன்னாலேயே நிற்கிறது. கடம்பூருக்குப் போகாதே என்று தங்கை குந்தவை தடுக்கிறாள், முதன்மந்திரி தடுக்கிறார், பாட்டனார் மலையமான் தடுக்கிறார். போகிறான். ஆனால் நான் சாய்ந்து நிற்கும் கட்சிக்கும் ஒரு கஷ்டமான கேள்வி இருக்கிறது. அவன் தன்னையே முடித்துக்கொண்டான் என்றால், முதல் பாகத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த சதி முழுவதும் எதற்கு? கொலைகாரன் இல்லாத கொலைக்கு இத்தனை கொலைகாரர்களைத் தயார் பண்ணுவானேன்? அதற்குப் பதில் தெரியாததால்தான் சாய்வு என்று சொன்னேன். கட்சி என்று சொல்லவில்லை.

நாலாவது கட்சி ரவிதாஸன் கட்சி. இவர்கள் கையில் கல்வெட்டு இருக்கிறது. கல்வெட்டைக் காட்டியதும் மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கிறார்கள். இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும்.

கல்வெட்டு உண்மையானது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகளைப் பற்றியது. சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் என்று அதில் பெயர்கள் வருகின்றன. கல்கி அந்தப் பெயர்களை அங்கிருந்துதான் எடுத்தார். ஆனால் கவனியுங்கள். கல்வெட்டில் ரவிதாஸனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்று ஒரு பட்டம் இருக்கிறது. பரமேஸ்வரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பட்டம். இவை அரசாங்கத்தில் பெரிய பதவி வகித்த பிராமணர்களுக்குக் கொடுக்கிற பட்டங்கள். கல்கியின் ரவிதாஸன் யார்? மந்திரவாதி. காட்டில் ஆந்தை மாதிரி குரல் கொடுப்பவன். பாண்டியனின் ஆபத்துதவி. இருவருக்கும் பெயர் ஒன்று, ஆள் வேறு. உடையார்குடி ரவிதாஸன் கொன்றான் என்பதற்காகக் கடம்பூர் ரவிதாஸனைத் தூக்கில் போட முடியுமா?

ஆகவே வழக்கு ஒன்றல்ல, இரண்டு. கதையின் கரிகாலனைக் கொன்றது யார் என்பது ஒரு வழக்கு. அதற்குச் சாட்சி ஐந்து பாகங்கள் மட்டும்தான். வரலாற்றுக் கரிகாலனைக் கொன்றது யார் என்பது இன்னொரு வழக்கு. அதற்குச் சாட்சி கல்லும் செப்பேடும். மணிரத்னத்தின் திரைப்படம் மூன்றாவது வழக்கு! 2022 செப்டம்பரில் ஒரு பாகமும் 2023 ஏப்ரலில் ஒரு பாகமும் வந்ததே, அதில் சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியமே இல்லை. நாவலில் சிம்மாசனம் ஏறுவது பூப்பறித்துக்கொண்டிருந்த சேந்தன் அமுதன். படத்தில் ஏறுவது நாம் முதலிலிருந்து பார்த்த மதுராந்தகன். கதையின் முதுகெலும்பே மாறிவிட்டது. படத்தின் காட்சியைக் காட்டி நாவலைப் பற்றி வாதாடுகிறவர்கள், தயவு செய்து எந்த வழக்கில் ஆஜராகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

வரலாற்று வழக்கும் லேசுப்பட்டதல்ல. நீலகண்ட சாஸ்திரி சோழர் வரலாற்றை எழுதியபோது மதுராந்தகன் என்ற உத்தம சோழன்மேல் சந்தேகப்பட்டார். உத்தம சோழன் 985 வரை ஆண்டான். குற்றவாளிகளின் சொத்தைப் பற்றிய கல்வெட்டோ அவனுக்கு அடுத்து வந்த இராஜராஜன் காலத்தில்தான் கிடைக்கிறது. அதுவரை ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பது அந்தச் சந்தேகத்தின் வேர். நல்ல கேள்விதான். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஒதுக்கிவிட்டுப் போகவில்லை. நேரே எதிர்கொண்டார். தன் அண்ணனைக் கொன்றவன் உத்தம சோழன் என்றால் இராஜராஜன் அவன் குடும்பத்தை மதித்து நடத்தியிருப்பானா? உத்தம சோழனின் மகனுக்கு அதிகாரம் கொடுத்து வைத்திருப்பானா? பின்னாளில் இராஜேந்திரன் என்று புகழ்பெற்ற தன் மகனுக்கு மதுராந்தகன் என்று, அந்தச் சிற்றப்பனின் பெயரையே வைத்திருப்பானா? பின்னால் வந்த ஆய்வாளர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: கல்வெட்டு பதிந்திருப்பது நிலம் கைமாறிய செய்தியை, தண்டனை முதலில் எப்போது தொடங்கியது என்பதை அது சொல்லவில்லை. பாருங்கள், எவ்வளவு அழகான லாவணி! கேள்விக்கு விடை, விடைக்கு மறு கேள்வி. யாரும் யாரையும் துரோகி என்று திட்டவில்லை.

கதாசிரியர்களும் சும்மா இருக்கவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதிக் கதையைத் தொடர்ந்தார். பாலகுமாரன் 'உடையார்' எழுதினார். காலச்சக்கரம் நரசிம்மா 'சங்கதாரா'வில் குந்தவையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். குந்தவையா என்று நீங்கள் பதறுவது தெரிகிறது, அக்கா. நானும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒத்துக்கொள்ளாத ஓர் ஊகத்தையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் மறுக்க வேண்டும். அட்டையைப் பார்த்து மறுக்கக்கூடாது.

சரி, இதற்கெல்லாம் வழிவிட்டது யார்? கல்கிதான். நாவலின் கடைசியில் ஒரு முடிவுரை எழுதியிருக்கிறார், பலர் அதைப் படிக்காமல் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கதை சட்டென்று நின்றுவிட்டதே, இன்னாருக்கு என்ன ஆயிற்று, இன்னார் கல்யாணம் எப்போது என்று வாசகர்கள் கேட்டதை எல்லாம் அதில் எடுத்து வைக்கிறார். சிலவற்றுக்கு வரலாற்றிலிருந்து பதில் தருகிறார். சிலவற்றை வாசகர் கற்பனைக்கே விட்டுவிடுகிறார். மூன்றரை வருடம் வாரா வாரம் காத்திருந்து, இதழைப் பிரித்து, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் எடுத்து பைண்ட் பண்ணி வைத்த வாசகர்கள் அவர்கள். மணியம் வரைந்த படத்தோடு சேர்த்துத் தைத்த அந்த பைண்ட் புத்தகத்தை வீட்டுச் சொத்தாக வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களிடம் பூட்டிய கதையைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். அனுமதியுங்கள்.

இரண்டாம் பாகத்தில் வந்தியத்தேவன் எங்கே வருகிறான்? நம் நாட்டுக்கு வருகிறான். பூங்குழலி படகு தள்ளி அவனைக் கொண்டுவந்து விடுகிறாள். மாதோட்டம் போகிறான், அங்கிருந்து ஆழ்வார்க்கடியானோடு காட்டு வழியே தம்புள்ளைக்குப் போகிறான். மாதோட்டம் எங்கே இருக்கிறது? மன்னாருக்குப் பக்கத்தில். மன்னாரிலிருந்து தம்புள்ளை ஊடாக மாத்தளைக்கு நடந்தவர்கள் யார்? நம்முடைய பாட்டன் பூட்டன்கள்! புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும், கோப்பித் தோட்டத்துக்கென்று வந்தவர்கள். பாதி வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களை விட்டுவிட்டு மீதிப் பேர் நடந்த பாதை அது. வந்தியத்தேவன் சவடாலோடு கடந்துபோகும் காட்டை, நான் ஒருபோதும் வெறும் சாகசமாகப் படித்ததில்லை. ஒரு சென்னை வாசகருக்கு இந்த உறுத்தல் வராது. நமக்கு வரும். அதுவும் ஒரு வாசிப்புத்தான்.

அநுராதபுரத்தில் இன்னொரு காட்சி. நள்ளிரவில் பிக்குமார் கூடுகிறார்கள். மகாதேரர், பின்னாளில் இராஜராஜனான அருள்மொழிவர்மனிடம் இலங்கைச் சிங்காதனத்தையே கொடுக்க முன்வருகிறார். வேண்டாம் என்கிறான் இளவரசன். ஏன் வேண்டாம் என்றான்? தியாகமா? கணக்கா? தியாகம் என்கிறவர்கள் அவன் விகாரைகளைச் செப்பனிட்டதைக் காட்டுவார்கள். கடைசியில் சோழ மகுடத்தையே இன்னொருவன் தலையில் சூட்டியதைக் காட்டுவார்கள். கணக்கு என்கிறவர்களுக்கும் வாதம் இருக்கிறது: ஏற்றுக்கொண்டால் தஞ்சாவூரில் அவன் துரோகி. நாவலை மட்டும் வைத்துக்கொண்டால் தியாகக் கட்சிதான் ஜெயிக்கும். கல்கி கடைசிப் பாகத்துக்கு வைத்த பெயரே தியாகச் சிகரம்.

ஆனால் இந்தத் தீவில் இருந்துகொண்டு படிக்கிற நமக்கு இன்னொரு வழக்கும் தெரியும். வரலாற்று இராஜராஜனின் படை 993 அளவில் இங்கே வந்தது. அநுராதபுரம் அழிந்தது. தலைநகர் பொலன்னறுவைக்குப் போனது. ஜனநாதமங்கலம் என்று பெயரும் மாறியது. அதே இராஜராஜன்தான் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். எந்த இராஜராஜன் உண்மை? இரண்டும் உண்மை. கல்கி ஒன்றை எடுத்தார், மற்றதை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள நண்பரோடு உட்கார்ந்து பேசும்போது நாவலைச் சாட்சியாகக் காட்டாதீர்கள். அவர் மகாவம்சத்தின் தொடர்ச்சியைக் காட்டுவார். இரண்டு பேரும் வெவ்வேறு வழக்கில் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் பொய்யர் என்பீர்கள். இந்த நாட்டில் அப்படிப்பட்ட விவாதத்தின் விலை என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முன்வரிசைப் பிள்ளைகள் பொறுமை இழப்பது தெரிகிறது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பற்றிப் பேசுவீர்கள் என்று சொன்னார்களே என்கிறது முகம். வருகிறேன்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் அந்த நாவல் வரிசையின் முதல் புத்தகத்தை 1996இல் வெளியிட்டார். ஐந்தாவது 2011இல் வந்தது. ஆறாவது இன்னும் வரவில்லை. தொலைக்காட்சித் தொடர் 2011இல் தொடங்கி 2019இல் முடிந்தும் போய்விட்டது. கல்கி மூன்றரை வருடத்தில் முடித்த வேலைக்கு அங்கே முப்பது வருடம் போதவில்லை! (சிரிப்பு.) அந்த இடைவெளியில் வாசகர்கள் என்ன செய்தார்கள்? ஜான் ஸ்னோவின் தாய் யார் என்று துருவினார்கள். முதல் புத்தகம் வந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே சிலர் கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படி? சாகும் தங்கை லியானாவுக்கு நெட் ஸ்டார்க் கொடுத்த வாக்கு என்ன என்று ஆசிரியர் சொல்லாமல் சொல்லிப் போகிறார். பாலைவனத்து ஓரத்தில் ஒரு கோபுரம். அரசனைக் காக்க வேண்டிய மெய்க்காவலர் மூன்று பேர், போர் முடிந்த பிறகும் அங்கே நின்று உயிரை விடுகிறார்கள். யாரைக் காத்தார்கள்? நீல ரோஜாப் பூக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இந்தத் துண்டுகளைச் சேர்த்து, ஜான் ஸ்னோ நெட் ஸ்டார்க்கின் மகனே இல்லை, லியானாவுக்கும் இளவரசன் ரேகாருக்கும் பிறந்தவன் என்றார்கள். நாவலைத் தொடராக்க வந்த இருவரிடம் மார்ட்டின் கேட்ட கேள்வியும் இதுதான்: ஜான் ஸ்னோவின் தாய் யார்? 2016இல் தொலைக்காட்சித் தொடர் அந்த ஊகம் சரியென்று காட்டியது.

இதை ஏன் சொல்கிறேன்? ஊகம் பலித்தது என்பதற்காக இல்லை. பலிக்காமல் போயிருந்தாலும் அது நல்ல ஊகம்தான். ஏனென்றால் அதைக் கட்டியவர்கள் நூலுக்குள்ளே இருந்து கல் எடுத்துக் கட்டினார்கள். எதிர்க்கட்சி 'நெட் தானே தன் மகன் என்கிறானே' என்று கேட்டபோது, பொய்யே சொல்லாத மனிதன் அந்த ஒரு பொய்யை எதற்காகச் சுமக்கிறான் என்று பதில் வைத்திருந்தார்கள். இதற்கு நேர் எதிராக இன்னொரு ரகம் இருக்கிறது. எதைக் காட்டினாலும் அசையாத ஊகம். எல்லாம் கனவு என்பார்கள். ஆசிரியர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்பார்கள். சாட்சி இல்லாததே பெரிய சாட்சி என்பார்கள். அப்படிப்பட்ட ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தம்பி, எந்தப் பக்கத்தைக் காட்டினால் நீ உன் ஊகத்தை விடுவாய்? ஒரு பக்கமும் இல்லை என்றால் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

ஆசிரியருக்கும் இதில் ஒரு சோதனை உண்டு. வாசகர் கண்டுபிடித்துவிட்டாரே என்று முடிவை மாற்றுவதா? மாற்றமாட்டேன் என்று மார்ட்டின் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். முன்னாலேயே விதைத்த தடயங்கள் எல்லாம் அப்போது பொய்யாகிவிடும் என்பது அவர் நியாயம். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஹாரி பொட்டர் கதையில் ஸ்னேப் நல்லவரா கெட்டவரா என்று 2005இலிருந்து 2007 வரை உலகமே எரிந்த கட்சி, எரியாத கட்சி கட்டியது. அதை எழுதிய அம்மாவும் மனம் மாறவில்லை.

ஒரு பெரியவர் கேட்கலாம். ஐயா, இதெல்லாம் பொழுதுபோக்குக் கதை. இதற்கு இவ்வளவு வக்கீல் வேலை எதற்கு? நம் ஆட்கள் பெரிய காப்பியத்துக்கும் இதே வேலையைத்தான் செய்தார்கள். வாலியை மறைந்து நின்று எய்தானே இராமன், அது முறையா? கம்பனிலேயே வாலி எழுந்து கேட்கிறான். காரைக்குடியில் 1939இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து எத்தனை மேடையில் இந்த வழக்கு ஏறியிருக்கிறது! சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த மு. மு. இஸ்மாயில் வாலி வதத்தைப் பற்றி 'மூன்று வினாக்கள்' என்று தனி நூலே எழுதினார். இஸ்லாமியர், நீதிபதி, கம்பனில் தோய்ந்தவர். இராமனுக்காக வாதாடுகிறவர்கள் என்ன சொல்வார்கள், வாலிக்காக வாதாடுகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று வரிக்கு வரி எடைபோடும் கை அது. பக்தியும் விசாரணையும் ஒரே தமிழில் கூடி இருக்க முடியும் என்று காட்டிய மரபு நம்முடையது.

முடிவு வராத விவாதத்தால் என்ன பயன் என்று கேட்கிறவர்களை, டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் நல்லதண்ணி பஸ் நிலையத்தில் ஓர் இரவு நிற்கச் சொல்வேன். சிவனொளிபாத மலை உச்சியில் இருப்பது ஒரே பாதம். புத்தருடையது என்று ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். சிவனுடையது என்று நாம் ஏறுகிறோம். ஆதம் நபியுடையது என்று பாவா ஆதம் மலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இப்னு பதூதா பதினான்காம் நூற்றாண்டிலேயே ஏறிப் பார்த்துவிட்டு எழுதிவைத்தார். புனித தோமையாருடையது என்றவர்களும் உண்டு. பக்தியை நான் நாவல் ஊகத்தோடு சேர்த்து எடைபோடவில்லை. அந்தத் தவறை யாரும் என்மேல் போட்டுவிடாதீர்கள். சொல்வது இவ்வளவுதான்: இந்த வழக்கைத் தீர்த்துவிட்டுத்தான் ஏறுவோம் என்று யாராவது மலையடிவாரத்தில் உட்கார்ந்திருந்தால், இன்றுவரை ஒருவரும் 2,243 மீற்றர் உயரத்தில் விடியலைப் பார்த்திருக்க முடியாது. கடைக்காரருக்கும் வியாபாரம் நடந்திருக்காது.

என் நேரம் முடிகிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்குப் பிறகு மாணவர்களின் வழக்காடுமன்றம் இருக்கிறது. பொருள், அநுராதபுரத்துச் சிங்காதனம்: தியாகமா, கணக்கா? இரண்டு கட்சிக்கும் ஒரு வேண்டுகோள். முதல் பேச்சாளரைத் தவிர மற்ற எல்லோரும், தம் முதல் நிமிடத்தை எதிர்க்கட்சியின் மிகப் பலமான வாதத்துக்குக் கொடுங்கள். அதை அவர்கள் சொன்னதைவிட நன்றாகச் சொல்லுங்கள். பிறகு உடையுங்கள். உடைக்க முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அதற்காகப் புள்ளி குறைக்க வேண்டாம் என்று நடுவரிடம் நானே கேட்டுக்கொள்கிறேன்.

தியாகக் கட்சித் தம்பிமாருக்கு மட்டும் தனியாக ஓர் எச்சரிக்கை. கணக்குக் கட்சியில் பேச வந்திருக்கும் தங்கச்சியை மேடைக்குப் பின்னால் பார்த்தேன். கையில் இரண்டாம் பாகம் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் மஸ்கெலியா பஸ் டிக்கெட்டைக் கிழித்துச் செருகி வைத்திருக்கிறது அந்தப் பிள்ளை. நீங்கள் மூன்று பேரும் வெறுங்கையோடு வந்திருக்கிறீர்கள். இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. வாசிகசாலை திறந்துதான் இருக்கிறது, ஓடுங்கள்.